கேட் மூடியிருந்தது

என் அடையாள அட்டையில்
ஆற்றுப்படுத்துநர் என்று அச்சடித்துக் கொடுத்தது சபை.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
தீயணைப்பு நிலையத்துத் துளசிங்கம் கேட்டார்:
"இன்னா சிஸ்டர், டீ ஆத்துறவங்களா?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
அது மாசியில்.

சித்திரையில் ஒரு வியாழன், விடியற்காலை
கொருக்குப்பேட்டையில் தின்னர் கிடங்கு எரிந்தது.
நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு இல்லை.
ஈரக் கரி, நுரை,
உருகிய ரப்பர் செருப்பின் நாற்றம்.
வண்டியின் படியில் துளசிங்கம்
ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்துப் பிடித்திருந்தார்,
உள்ளே எதையோ அடைகாப்பதுபோல.

என் பையில் வேதாகமம் உண்டு.
அதற்கு மேலே தைலம், சார்ஜர்,
குளுக்கோஸ் பிஸ்கட், மூன்று பேனா.
பிணவறை வாசலில் முதலில் கேட்பது பேனாவைத்தான்.
கடவுளைப் பிறகு கேட்பார்கள்,
அதுவும் சண்டைக்கு.

ஜெபம் பண்ணவா என்று நான் கேட்கவில்லை.
அவர் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து
மூக்குவரை இறங்கியிருந்தது.
சைக்கிள் கேன்காரரிடம் டீ வாங்கிக் கொடுத்தேன்.
கை நடுங்கிப் பாதி பூட்ஸில் சிந்தியது.
வாங்கி, இன்னொரு பேப்பர் கப்பில் ஊற்றி,
மறுபடி இதில் ஊற்றி,
ஆற்றினேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"கேட்டு மூடிக்கினு இருந்தது சிஸ்டர்.
கூட்ஸு. நாப்பத்திரண்டு பெட்டி.
சைரன் அடிச்சிக்கினே எண்ணினேன்.
வேற இன்னா பண்றது."

உங்கள் தவறு இல்லை என்று சொல்லவேண்டும்.
பயிற்சியில் கொடுத்த வாக்கியம்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
அந்தக் கிடங்கில் எரிந்த ஏதோ ஒன்றைப்போல ருசித்தது.
விழுங்கிவிட்டேன்.

மதியம் ஸ்டான்லியில்
கோட்டீஸ்வரி அம்மா படிவத்தை நிரப்பினார்.
இறந்தவர் பெயர் ஹேமச்சந்திரன். வயது பத்தொன்பது.
உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தாய். இரண்டே எழுத்து.
முதல் எழுத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே
இரண்டு ஆம்புலன்ஸ் வந்து போயின.
மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல்
ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அன்றைய என் ஊழியம்
அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள்
அந்த அம்மா நிலையத்துக்கே வந்துவிட்டார்.
"எம்புள்ளைய வெளிய தூக்கியாந்தது யாரு?"
எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.
ஷிஃப்ட் முடிந்து பைக் சாவியோடு நின்ற துளசிங்கம்
சாவியைப் பாக்கெட்டில் போட்டார்.
"நான்தாம்மா."

"எத்தினி மணிக்கு உள்ள போனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.
சொல் என்றோ சொல்லாதே என்றோ
என் முகத்தில் எதுவும் எழுதியிருந்திருக்காது,
எனக்கே தெரியவில்லை.
சொன்னார். கேட், கூட்ஸ், பெட்டிக் கணக்கு,
எல்லாம்.

அந்த அம்மா வெகுநேரம்
முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
"நானும் அங்கதான் நின்னேன்.
உங்க வண்டிக்குப் பின்னால. கால்ல செருப்பு இல்ல.
போன் பண்ணான், எய்ந்து ஓடியாந்தேன்.
கீய பூந்துடலாம்னு போனா
யாரோ இட்து புட்ச்சாங்க."

பிறகு கேட்டார்:
"எத்தினி பெட்டின்னு சொன்னீங்க?"

"நாப்பத்திரண்டும்மா."

"அவ்ளோதானா?
எனக்கு அது முடியவே இல்லியே."

துளசிங்கம் அப்போதுதான் அழுதார்,
நின்றபடி, சுவரைப் பார்த்து.
அந்த அம்மா எழுந்து போய்
அவர் முதுகில் கை வைக்கவில்லை.
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்.
அவர் உட்கார்ந்தார்.

என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.
வெளியே வந்தேன்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் டீக்கடை.
மூன்று பார்சல், ஒன்று சர்க்கரை கம்மி.

திரும்பும்போது
கேட் மூடியிருந்தது.
நிலக்கரி வண்டி, எண்ணூரிலிருந்து காலியாக.
ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றேன்.
எண்ண ஆரம்பித்து
ஏழிலோ எட்டிலோ விட்டுவிட்டேன்.
கையில் டீ
தானாகவே ஆறிக்கொண்டிருந்தது.